அயலவரின் இசை: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

சனிக்கிழமை பிற்பகல். தொடர்மாடிக் குடியிருப்பின் சுவரைத் தாண்டி ஒரு பாட்டுக் கேட்கிறது. மொழி விளங்கவில்லை; தாளம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து காதில் விழுகிறது. ஓசை அளவு மீறினால் முறைப்பாடு செய்யும் உரிமை ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் உண்டு. இரவு 11 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரத்து ஓசைக்கென இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகவே இருக்கிறது. அந்த உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எனினும் பிற்பகல் மூன்று மணிக்குத் தாங்கக்கூடிய அளவில் ஒலிக்கும் பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு வேறொரு கேள்வியும் உண்டு: அது என்ன பாட்டு? தமிழ் வீடொன்றின் சாமத்தியச் சடங்கில் தவில் முழங்கும்போது அயல்வீட்டாரும் இவ்விரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தெரிவு செய்கிறார்.

இலண்டன் தமிழருக்குச் சோமாலியர், துருக்கியர், குர்தியர், கரீபியர், அரபு மொழியினர் எனப் பல நாட்டவர் அயலவராக இருக்கின்றனர். இவர்கள் அனைவருடைய இசையும் கடைகளில் 'உலக இசை' என்ற ஒரே பெயரின்கீழ் வைக்கப்பட்டிருக்கும். இப்பெயருக்கு ஆழ்ந்த பொருள் எதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலண்டன் இஸ்லிங்டன் பகுதியிலுள்ள மதுச்சாலை ஒன்றில் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தினர் சிலர் கூடினர். தங்கள் இசைத்தட்டுகளை எந்த இறாக்கையில் வைப்பது என்று கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்பதே அவர்களுடைய கவலை. இறாக்கைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, பெயர் வைத்தார்கள். எம். எஸ். சுப்புலட்சுமியின் பாட்டும் மாலி நாட்டவரின் கிற்றாரும் அடுத்தடுத்து அமர்ந்தது இவ்வாறுதான். கிராமி விருதை வழங்குவோர் 2020இல் அச்சொல்லைத் தம் விருதுப் பெயரிலிருந்து நீக்கிவிட்டனர். ஆகவே உலகின் இசையையெல்லாம் கேட்டு முடிக்க வேண்டும் என்று எவரும் மலைக்க வேண்டாம். ஓர் அயலவரின் ஒரு பாட்டில் தொடங்கினால் போதும்.

சோமாலியரின் இசை தமிழ்ச் செவிக்கு மிக எளிதாகத் திறக்கும் கதவு எனலாம். அவர்களுடைய பாடல்கள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் அமைபவை. மோகனத்தையோ சுத்த சாவேரியையோ கேட்டுப் பழகியவருக்கு முதற்கேட்பிலேயே ஓர் அறிமுக உணர்வு எழும். பாட்டுக்குத் துணையாகப் பெரும்பாலும் ஒலிப்பது 'கபன்' என்று சோமாலியர் அழைக்கும், அரபு நாட்டு 'ஊத்' எனும் நரம்புக் கருவி. இந்தித் திரைப்பாடல்களின் சாயலும் பல பாடல்களில் உண்டு. ஒரு காலத்தில் இலங்கையைப் போலவே சோமாலியத் திரையரங்குகளிலும் இந்திப் படங்கள் ஓடின.

இன்னொரு ஒற்றுமை இதைவிட வியப்புக்குரியது. சோமாலியச் செய்யுளின் முதன்மையான இலக்கணம் மோனை. ஒரு கவிதை எந்த ஒலியில் தொடங்குகிறதோ, அதே ஒலியில் தொடங்கும் சொல் அடிதோறும் வந்தாக வேண்டும். அதுவும் கவிதை முடியும்வரை. உயிரொலிகள் அனைத்தும் தமக்குள் மோனையாகக் கொள்ளப்படும். பாடல்களும் பெரும்பாலும் இவ்விதியைப் பின்பற்றுகின்றன. எனவே மொழி தெரியாத ஒருவரும் ஒரு சோமாலியப் பாடலில் எந்த எழுத்து ஆட்சி செய்கிறது என்பதைக் காதாலேயே பிடித்துவிடலாம். மோனை அறிந்த தமிழருக்கு இது பழகிய பயிற்சிதான்.

சோமாலிய மொழிக்கு 1972ஆம் ஆண்டிலேயே அரச ஏற்புப் பெற்ற எழுத்து கிடைத்தது. அதற்கு முன்னர் கவிதையும் வரலாறும் பெரும்பாலும் மனிதக் குரலிலேயே வாழ்ந்தன. ஆகவே வானொலி நிலையத்தின் ஒலிநாடாக்களே அம்மக்களுக்கு நூலகமாக விளங்கின. 1988இல் சியாத் பாரேயின் அரசு தன் நாட்டு நகரமான ஹர்கெய்சாவின்மீதே குண்டு வீசியது. வானொலி நிலையமும் தாக்கப்படும் என்று அஞ்சியவர்கள் நாடாக்களை வெளியே எடுத்தனர். சிலவற்றை நிலத்தடியில் புதைத்தனர், சிலவற்றை எல்லை கடந்து எதியோப்பியாவுக்கும் ஜிபூத்திக்கும் கொண்டு சென்றனர். இன்று ஹர்கெய்சாப் பண்பாட்டு மையத்தில் 10,000க்கும் மேற்பட்ட நாடாக்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்கள் 2017இல் 'ஸ்வீட் ஆஸ் புரோக்கன் டேட்ஸ்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. அது கிராமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்கு இந்த வரலாற்றை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி வரும் பாட்டு, மண்ணுக்குள் இருந்து எடுக்கப்பட்ட ஒன்றாகவும் இருக்கலாம்.

அத்தொகுப்பில் தொடங்குவது நல்லது. அடுத்து, மர்யம் முர்சால் பாடிய 'தி ஜேர்னி' என்ற 1998ஆம் ஆண்டு இறுவட்டைக் கேட்கலாம். நரம்புக் கருவியின் தனியிசையை விரும்புவோர், இலண்டனில் வாழ்ந்து 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றால் மறைந்த ஊத் கலைஞர் ஹுதைதியின் ஒலிப்பதிவுகளைத் தேடலாம்.

நாதஸ்வரத்தில் ஊறியவர்களுக்கு வேறொரு வாயில் உண்டு. துருக்கியர், குர்தியர் திருமணங்களில் 'சுர்னா', 'தவுல்' என்ற இரு கருவிகள் இணைபிரியாது ஒலிக்கும். சுர்னா, நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி பொருத்தி ஊதும் மரக்குழல். தவுல், தோளில் தொங்கவிட்டு இருபுறமும் அடிக்கும் பெரிய முரசு. ஒருபுறம் தடித்த கோல், மறுபுறம் மெல்லிய குச்சி. திறந்த வெளிக்கென்று பிறந்தவை, மங்கல நிகழ்வில் ஊரைக் கூட்டுபவை என்ற வகையிலும் இந்த இணை நாதஸ்வர தவிலுக்கு நிகரானது. தவுல், தவில் என்ற பெயர்களின் ஒலி ஒற்றுமையைக் கொண்டு உடனே உறவு கொண்டாடிவிட வேண்டாம்; அந்த ஆராய்ச்சி அறிஞர்களுக்கு உரியது. அயலவருடன் பேச்சைத் தொடங்க அது போதும்.

அரபு இசைக்கு எகிப்தின் உம் குல்தூம் போதுமான வழிகாட்டி. 1975இல் மறைந்த இவர் பல்லாண்டுகள் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவில் வானொலியில் நேரடியாகப் பாடினார். ஒரே பாட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும். ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அவையோரின் ஆரவாரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் வேறு வேறாகப் பாடுவார். நிரவல் கேட்டவர்களுக்கு இது புதிதன்று. புதிதாகத் தோன்றுவது சில சுரங்களின் இடம்தான். பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு இடையில் விழும் அவை முதலில் பிசகுபோல ஒலிக்கும். இரண்டு மூன்று முறை கேட்டால் அந்த உணர்வு மாறிவிடும்.

கரீபியரின் எஃகு மேளமான 'ஸ்டீல் பான்' கதையில் சட்டமும் ஒரு பாத்திரம். திரினிடாட் தீவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆபிரிக்கர் தெருக் கொண்டாட்டங்களில் முரசடித்து வந்தனர். 1884இல் குடியேற்ற அரசு முரசடிப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. தோற்கருவி தடுக்கப்பட்டதும் மக்கள் வெவ்வேறு நீளத்தில் மூங்கில் வெட்டி நிலத்தில் குத்தித் தாளம் எழுப்பினர். 1930களில் பிசுக்கோத்துத் தகரங்களும் குப்பைத்தொட்டி மூடிகளும் அந்த இடத்தைப் பிடித்தன. 1940களில் எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழியாக்கி, பகுதி பகுதியாகச் சுரம் சேர்த்து, முழு இசையையும் வாசிக்கும் கருவியாக்கினர். 1951இல் திரினிடாட்டின் எஃகு மேளக் குழுவொன்று தேம்ஸ் நதியின் தென்கரையில் நடந்த பிரித்தானியப் பெருவிழாவில் வாசித்தது. தெருவில் தடுக்கப்பட்ட மக்களின் கருவி 1992இல் அந்நாட்டின் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. முதன்மைச் சுரங்களை வாசிக்கும் பானில் சுரங்கள் வரிசையாக அமைவதில்லை. பக்கத்தில் இருப்பது ஐந்தாம் சுரம், அதாவது 'ச'வுக்கு அருகில் 'ப'. சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் மகிழ்வார்கள். ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதி வங்கி விடுமுறையையொட்டி நொட்டிங் ஹில் கார்னிவலில் இதை நேரில் கேட்கலாம். கூட்ட நெரிசலைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு, விழாவுக்கு முந்திய சனிக்கிழமை நடைபெறும் எஃகு மேளப் போட்டி ஏற்றது. கரீபியரில் கயானாவிலிருந்து வந்தோரும் உளர்; அங்குள்ள 'மதராசி' வழியினர் மாரியம்மன் வழிபாட்டில் இன்றும் 'தப்பு' என்ற பெயரிலேயே பறை அடிக்கின்றனர்.

இவற்றை எங்கே பெறுவது? முதலில் உள்ளூர் நூலகம். உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. நூல்களை இலவசமாகவே இரவல் தர வேண்டும் என்பது 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி. இசை இறுவட்டுகளுக்கு அக்கட்டாயம் இல்லாததால் சிறு தொகை அறவிடப்படலாம். பல நூலகங்கள் 'நக்சோஸ்' இசை நூலகத்துக்குச் சந்தா செலுத்தியுள்ளன. அவ்வாறான இடங்களில் நூலக அட்டை இலக்கத்தைக் கொண்டு வீட்டிலிருந்தே கேட்கலாம். வசதி இருக்கிறதா என்று முகப்பில் விசாரிக்கவும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1987இல் பொறுப்பேற்ற 'ஃபோக்வேஸ்' தொகுப்பின் விளக்கக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்க முடிகிறது. கேட்கும் முன்னர் இரண்டு பக்கம் படித்தால் பாட்டின் சூழல் தெளிவாகும். கருவிகளைக் கண்ணால் காண விரும்புவோர் தென் இலண்டன் ஃபொரெஸ்ட் ஹில்லில் உள்ள ஹோர்னிமன் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அதன் இசைக்கூடத்தில் 1,300க்கும் மேற்பட்ட கருவிகள் உள்ளன. அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. புறப்படும் முன் திறந்திருக்கும் நேரத்தை உறுதிசெய்துகொள்ளவும்.

ஆயினும் அயலவரிடமே கேட்பதுதான் சிறந்த வழி. அதற்கு ஆங்கிலம் அதிகம் தேவையில்லை. பகலில் வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களுக்கு இது பேச்சுத் துணைக்கும் வழிவகுக்கும். பாடகரின் பெயரை அவருடைய எழுத்திலேயே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லவும். ஆங்கில எழுத்தில் ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்படுவதால் தேடும்போது பலர் வழி தவறுகின்றனர். சமய நம்பிக்கை காரணமாக இசைக்கருவிகளை விலக்கும் குடும்பங்களும் உண்டு. ரமழான் மாதத்தில் பலர் பாட்டுக் கேட்பதில்லை. தயக்கம் தெரிந்தால் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுவது மரியாதை.

பதிலுக்குத் தமிழிசையில் எதைக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். அன்பு மிகுதியால் ஐம்பது பாடல்களை அனுப்பிவிடுகிறார்கள். அல்லது முக்கால் மணி நேர இராகம் தானம் பல்லவியை முதல் நாளே தருகிறார்கள். ஒன்று போதும். அதுவும் ஆறு நிமிடங்களுக்குள். எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரே ஒரு குறிப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுர்னா கேட்கும் குர்திய அயலவருக்கு அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரமோ யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலோ உடனே பிடிபடும். எஃகு மேளம் வாசிப்பவருக்குத் தனியாவர்த்தனத்தின் இறுதி மூன்று நிமிடங்கள், அல்லது சிறிது கொன்னக்கோல். சோமாலிய அயலவரிடம் மோனை நிறைந்த ஒரு தமிழ்ப் பாடலைக் கொடுத்து, எந்த எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு இரண்டு குடும்பங்களை அழைத்துச் சேர்ந்து கேட்பதற்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை. அதையே சமூக மண்டபத்தில் பொதுநிகழ்வாக நடத்தினால், ஒலிப்பதிவு இசையைப் பொதுவில் ஒலிக்கச் செய்வதற்கான உரிமம் தேவைப்படும். பல மண்டபங்கள் அதை ஏற்கெனவே பெற்றிருக்கும். முற்பதிவு செய்யும்போதே மண்டபப் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளவும்.