மலைச்சரிவில் ஒரு சமதளம்

போட்டி நாளன்று எழும் கரவொலியையும் வெற்றிக் கேடயத்தையும் எல்லோரும் காண்பர். அதற்கு முந்திய வாரங்களைக் காண்பவர் சிலரே. விளைந்த கதிரைப் போற்றும் நாம் நாற்றங்காலை நினைப்பதில்லை. சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் பதினைந்து முதல் பதினேழு வயது வரையான மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றும் ஆசிரியன் என்ற முறையில், அந்த நாற்றங்காலைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன். இலக்கியப் பக்கத்தில் பந்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். மனிதன் தன் உடலைக் கொண்டு தன் நிலத்தோடு நடத்தும் வழக்கு இலக்கியத்துக்குப் புறம்பானதன்று என்பதே என் விடை.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைத் தேசப்படத்தில் மட்டும் பார்த்தவர்க்கு ஓர் உண்மை புலப்படாது. இங்கே கிடைத்தற்கரிய பொருள் மாணிக்கக் கல் அன்று, சமதளமே. சரிவெல்லாம் றப்பரும் தேயிலையும். சரிவின் நடுவே வெட்டிய விளிம்புகளில் லயங்கள். தட்டையான நிலம் சிறிதளவு இருந்த இடங்களில் வெள்ளையர் காலத்திலேயே தொழிற்சாலையும் துரை பங்களாவும் பிரட்டுக்களமும் அமைந்துவிட்டன. பிள்ளைகள் ஓடியாட நிலம் வேண்டுமென்று அக்காலத்தில் எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. கூடைப்பந்துத் தளத்துக்கு வேண்டியது 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமுந்தான். ஆயினும் மலையை வெட்டி அதனைப் பெறுவோம் என்று எளிதிற் சொல்லிவிட முடியாது. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியதையும், அதே நாளில் புளத்கொகுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்தில் மண்சரிவு லயத்து உயிர்களைக் கொண்டு சென்றதையும் கேகாலை மாவட்டத்தார் மறக்கவில்லை.

எங்களிடம் இருப்பது அரைத்தளம். சீமெந்து பூசிய ஒரு துண்டு நிலம், ஒரே கம்பம், நிலத்திலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் ஒரே வளையம். தளத்தின் ஒரு புறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். குறி தவறி உருண்ட பந்து பள்ளத்தில் இறங்கினால், எறிந்தவன் இறங்கியே அதனை மீட்டு வரவேண்டும். கவனமாக எறியும் பழக்கத்தை என் சொற்களைவிட அந்தப் பள்ளமே நன்கு கற்பித்தது.

இவ்விளையாட்டின் பிறப்பை மாணவருக்கு முதல் நாளே கூறிவிடுவேன். 1891 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்ட் என்னும் நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற முப்பது வயது ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆடமுடியாது முரண்டு பிடித்த பதினெட்டு மாணவர்க்காக ஒரு விளையாட்டைச் சமைத்தார். பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்தார்; பதின்மூன்று விதிகளை எழுதினார்; அவ்வளவே மூலதனம். காலநிலைக்கு அஞ்சிக் கூரைக்குள் பிறந்த இவ்விளையாட்டு, 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் திறந்த வெளியில் ஆடப்பெற்றது. இறுதிப் போட்டி நாளிலோ பெருமழை. களிமண்ணும் மணலும் கலந்த தளம் சேறாயிற்று. பந்தைத் தட்டிச் செல்ல இயலவில்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்று அந்த ஆட்டம் முடிந்தது. முதுமையெய்திய நைஸ்மித் அங்கே வந்திருந்தார்.

இக்கதையைச் சொன்னபோது ஒரு மாணவன், “அப்படியானால் பெர்லினும் நம்ம இரத்தினபுரி போலத்தானே, சேர்?” என்று கேட்டான். எல்லோரும் நகைத்தனர். உலகத்தின் பெரும் போட்டியும் தம் சேற்றை அறிந்திருக்கின்றது என்ற எண்ணம் அவர்களுக்கு ஒரு நிமிர்வைத் தந்தது.

தைப்பொங்கல் கழிந்ததும் எங்கள் பயிற்சி தொடங்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின் பின் வலயப் போட்டி. முதல் இரண்டு வாரங்களும் பந்தை அதிகம் தொடுவதில்லை. மாணவருக்கு இது பிடிக்காது, எனினும் காரணமுண்டு. மலையேறி வளர்ந்த பிள்ளைகளின் கால்கள் முன்னோக்கிச் செல்வதில் வலியன. பக்கவாட்டில் அசைவதற்குப் பழகாதவை. கூடைப்பந்திலோ எதிரியை மறிப்பவன் நண்டுபோற் பக்கவாட்டிலேயே நகர்தல் வேண்டும். மேலும், குதிக்கக் கற்பிக்கு முன் இறங்கக் கற்பிக்கவேண்டும். முழங்கால் மடங்க, இரு பாதங்களும் ஓசையின்றி நிலம் தொட இறங்கும் பிள்ளை கணுக்காலைக் காத்துக்கொள்வான். வளரும் வயதில் எலும்பும் தசைநாரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆகவே, ஓட்டத்தையும் குதிப்பையும் வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்டுவேன்.

மூன்றாம் வாரம் பந்து வரும். ஏறத்தாழ 600 கிராம் எடையுள்ள அப்பந்தின் மேலுறை தோலன்று, றப்பர். தந்தையர் விடியலில் வெட்டும் பாலோடு உறவுடைய பொருளே மைந்தர் கையிற் பந்தாய் வந்து சேர்கின்றது. றப்பர் மரத்திற் பட்டையை மட்டும் சீவி, உள்மரத்தைத் தீண்டாமற் கத்தியை நிறுத்துவதே பால்வெட்டுக்காரரின் வித்தை. ஒரு நூலளவு ஆழ்ந்தாலும் மரம் புண்படும். கூடைக்குப் பந்தெறிபவனுக்கும் அத்தகைய மணிக்கட்டே வேண்டும். வலிமை காலிலிருந்து எழும். விரல்கள் இறுதியில் மெல்ல வழிகாட்டும். “அப்பா கத்தியை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறாயல்லவா? அந்தக் கை” என்றால் இங்குள்ள பிள்ளைக்கு உடனே விளங்குகின்றது. எந்தப் பயிற்சி நூலிலும் காணமுடியாத உவமை இது. அவர்கள் வாழ்விலிருந்தே எடுத்துக் கொடுத்தது.

பங்குனியில் வானம் மாறும். பிற்பகல்தோறும் இடியும் மின்னலும். திறந்த வெளியில் இரும்புக் கம்பத்தினருகே நிற்பது கேடு. ஆகவே முதல் இடியோசை கேட்டதும் அனைவரும் வகுப்பறைக்குள் செல்லவேண்டும் என்பது எங்கள் முதல் விதி. வெள்ளம் வடிந்த சேற்றிலே எலிக்காய்ச்சலின் கிருமி இருக்கும். காலிற் புண்ணுள்ளவன் அதில் இறங்கலாகாது என்பது இரண்டாம் விதி. மழை இந்நாட்டில் யாவர்க்கும் பொதுவெனினும், அதன் கூலி எல்லோர்க்கும் ஒன்றன்று. காலையில் மழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும், தந்தைக்குப் பேரில்லை. மாலையிற் பெய்தால் மைந்தனுக்குத் தளமில்லை. இரு நட்டங்களும் அன்றிரவு ஒரே காம்பராவில், ஒரே அடுப்பின் முன் வந்து அமர்கின்றன.

இப்பயிற்சியிற் பணயமாக இருப்பது கேடயமன்று. ஐந்தாம் வாரத்தில், அணியின் சிறந்த ஆட்டக்காரன் மூன்று நாட்கள் வரவில்லை. லயத்துக்குச் சென்றேன். தாய் கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“மாஸ்டர் ஐயா, கொழும்புல கடையொண்ணுக்கு ஆள் கேட்டு விட்டிருக்காங்க. இவனும் ஓடிக் களைச்சு வந்து ரெண்டு ரொட்டி கூடக் கேக்குறான். நா எங்க போவேன்? இந்தப் பந்து இவனுக்குச் சோறு போடுமாங்க?”

இதற்கு அலங்காரமான விடைகள் உண்டு. அவற்றுள் எதுவும் அந்த இஸ்தோப்பில் நிற்கத் தகுதியுடையதன்று. “பந்து சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன், அம்மா. சாதாரண தரப் பரீட்சை வரை இவன் பாடசாலைக்கு வர, பந்து ஒரு காரணமாக இருக்கும். அதுவரை பொறுங்கள்” என்றேன். தந்தை வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “சனிக்கிழமை காலையில எனக்குக் கூடமாட ஒரு கை வேணும், வாத்தியாரய்யா” என்றார். சனிப் பயிற்சியைக் கைவிட்டு வாரநாள் மாலைகள் மூன்றாக மாற்றினோம். பயிற்சியின் பின் அவித்த கடலையும் ஒரு கோப்பைத் தேநீரும் கொடுக்க ஆசிரியர் சிலர் பொறுப்பேற்றனர். மாணவன் திரும்பி வந்தான். பரீட்சைக்குப் பின் அவன் கொழும்புக்குச் செல்லக்கூடும். அதனை நான் அறிவேன். ஆனால் கையிற் பெறுபேற்றுத் தாளோடு செல்பவனும், அது இல்லாது செல்பவனும் ஒரே பேருந்தில் ஏறினும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை.

இறுதி வாரத்தின் கடினமான வேலை பெயர்ப்பட்டியல். பயின்றோர் பதினெழுவர், அணியிற் பன்னிருவர்க்கே இடம். எஞ்சிய ஐவரையும் தனித்தனியே அழைத்துக் காரணத்தைச் சொன்னேன். பலகையில் ஒட்டி அறிவிப்பது மரியாதையன்று. புள்ளிக் கணக்கெழுதுதலும் நேரங்காத்தலும் அறிந்தவர் இன்றிப் போட்டி நடவாது. அவ்வித்தைகளை ஐவரும் கற்றனர். அவர்களுள் ஒருவன் இப்போது எனக்கே விதிகளைத் திருத்திச் சொல்கின்றான்!

இத்துறையில் நமக்கு முன்னோர் இல்லாமலில்லை. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920 ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, விளையாட்டாசிரியர் என்ற தொழிலுக்கே ஒரு மதிப்பைத் தேடித் தந்தார். லூசியானாவிலிருந்து 1948 ஆம் ஆண்டு இலங்கை வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர் அடிகளார், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தை நாடறியச் செய்தார். 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும் உடன் சென்ற தமிழ் இளைஞரும் மீளவேயில்லை. போர்க்காலம் விழுங்கிய பல்லாயிரவருள் அவரும் ஒருவரானார். எனினும் மட்டக்களப்பிலே பந்தின் ஓசை நிற்கவில்லை. ஒரு பயிற்றுநர் விட்டுச் செல்வது கேடயங்களை மட்டுமன்று. தமக்குப் பின்னும் மாலை நான்கு மணிக்குத் தளத்துக்கு வரும் பழக்கத்தையுந்தான். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனிற் பிறந்து வலைப்பந்தில் உலகறிந்த தர்ஜினி சிவலிங்கத்தின் பெயரை எங்கள் மாணவியர் நன்கறிவர். அவர்களும் தமக்கொரு வளையம் கேட்கின்றனர், கேட்பது நியாயமே.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று அரை நூற்றாண்டு ஆகின்றது. கட்டடம் வந்தது, கரும்பலகை வந்தது. ஓடுதற்கு நிலம் இன்னும் பல இடங்களில் வரவில்லை. கல்வியைப் பற்றி எழுதும் ஆசிரியர்களும் பேசும் இலக்கிய வட்டத்தினரும் அடுத்த முறை ஒரு பாடசாலையின் குறைகளைப் பட்டியலிடும்போது, நூலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் அருகில் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சமதளத்தையும் எழுதிவைப்பார்களாக. நிமிர்ந்து நிற்கக் கற்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது நிற்பதற்கொரு நிலம்.