தாயக்கட்டையும் கிரிப்டோ நாணயமும்

பிள்ளையார்பட்டியில் ஒரு வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களும் 0, 1, 2, 3 என்ற எண்களைக் குறிக்கும். கட்டைகள் உங்கள் கண்ணெதிரே உருளுகின்றன. ஆனால் இணையச் சூதாட்டத்தில் உருட்டுவது எங்கோ இருக்கும் கணிப்பொறி. அது நேர்மையாக உருட்டியது என்று எப்படி அறிவது?

2009இல் தோன்றிய பிட்காயின், 'ஹாஷ்' என்னும் கணக்கு முறையைப் பயன்படுத்துகிறது. எந்தச் செய்தியையும் இம்முறை 64 குறிகள் கொண்ட கைரேகை போல மாற்றிவிடும். செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறும். கைரேகையிலிருந்து செய்தியைக் கண்டுபிடிக்கவும் இயலாது.

2012இல் வந்த சடோஷிடைஸ் போன்ற பிட்காயின் சூதாட்டங்கள் இதைக் கையாண்டன. நடத்துபவர் தம் இரகசிய எண்ணின் கைரேகையை முன்னதாகவே வெளியிடுவார். அந்த எண்ணும் ஆடுபவர் தரப்பு எண்ணும் சேர்ந்தே முடிவு கிடைக்கும். பின்னர் இரகசியம் வெளியிடப்படும். எவரும் சரிபார்க்கலாம்.

அப்படியானால் ஆடுபவருக்கு நட்டமில்லையா? மீண்டும் திண்ணைக்கு வருவோம். இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் கூட்டுத்தொகை 1, அதாவது தாயம், வருவது 2 வகைகளில். ஆக எட்டில் ஒரு வாய்ப்பு. ஒரு ரூபாய் பந்தயத்துக்கு, தாயம் விழுந்தால் 7 ரூபாய் என்று ஒருவர் தருகிறார் என்போம். எட்டு உருட்டலுக்கு 8 ரூபாய் போய், சராசரியாக 7 ரூபாய் திரும்பும். கட்டையில் கள்ளமில்லை, நட்டம் விதியிலேயே இருக்கிறது!

மணிக்கு 40 முறை உருட்டினால் சராசரி நட்டம் 5 ரூபாய். கைப்பேசியில் 10 விநாடிக்கு ஒரு முறை உருட்டினால், மணிக்கு 360 உருட்டல். நட்டம் 45 ரூபாய். கிரிப்டோ நாணயத்துக்கு வங்கி மூடும் நேரமும் இல்லை. விளையாட்டின் அமைப்பில் வந்த பெரிய மாற்றம் இந்த ஓய்வில்லாத வேகமே.

ஆகவேதான் தமிழ்நாட்டில் 2025இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும். 80 முறை உருட்டி, வரவையும் செலவையும் தாளில் குறியுங்கள். ஒருநாள் நீங்கள் வெல்லவும் கூடும். பல நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும்.