இருண்மைக் குற்றப் புதினமும் தோட்டத்து நிலமும்

தமிழ்த் துப்பறியும் புதினம் பிரிட்டிஷ் எழுத்தின் செல்வாக்கால் வளர்ந்தது என்பது அறிந்ததே. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்சின் கதைகளைத் தழுவி எழுதினார், ஜே. ஆர். ரங்கராஜு கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். 1887இல் அறிமுகமான ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் போன்றே, குற்றவாளி பிடிபட்டதும் குலைந்த ஒழுங்கு மீள்வது இவ்வகையின் பொது அமைப்பாகும்.

பின்னாளைய பிரிட்டிஷ் இருண்மைக் குற்றப் புதினமோ இவ்வமைப்பை ஏற்பதில்லை. அமெரிக்கரான ஹேமட், பிரிட்டனில் கல்வி கற்ற சாண்ட்லர் ஆகியோர் வகுத்த பாதையில் அது உருப்பெற்றது. டெட் லூயிஸ் 1970இல் வெளியிட்ட புதினம் வடபுலத்து எஃகு நகரொன்றைக் களமாக்கியது. டெரெக் ரேமண்டின் 1984ஆம் ஆண்டுப் புதினத்தில், பெயர் சுட்டப்படாத காவலர் ஒருவர், கொலையுண்டவர் விட்டுச்சென்ற ஒலிநாடாக்களைக் கேட்டே உண்மையைத் தேடுகின்றார். எல்ராயின் நடையால் ஈர்க்கப்பட்ட டேவிட் பீஸ், 1999 முதல் 2002 வரை வெளிவந்த நான்கு புதினங்களில் யார்க்‌ஷயர்க் காவல்துறையின் சீர்கேட்டைச் சித்திரித்தார். 2004இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் புதினமாக்கினார். இவர்களுள் லூயிசின் வலிமை நிலத்திலும், பீசின் வலிமை வரலாற்றிலும் உள்ளது. எனினும், இறந்தவர் குரலுக்குச் செவிசாய்க்கும் ரேமண்டே நமக்கு மிக நெருங்கியவர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இதற்குக் காரணம் உண்டு. மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் தான் சாய் யானால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கப்பட்டது. அம்மாநிலத்துப் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் 1967இல் நீதி வேண்டிக் கோலாலம்பூருக்கு நடந்தே சென்றனர். பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின, லயங்கள் மறைந்தன, குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. இங்கு நேர்ந்த இழப்பை ஒரு தனிக் குற்றவாளியின் செயலாகக் காட்டிக் கதையை முடித்துவிட இயலாது. யார் இழந்தனர், யார் பயனுற்றனர் என வினவும் இருண்மை வடிவமே இதற்குப் பொருந்தும்.

மலேசியத் தமிழில் இதற்கான அறிகுறிகள் இல்லாமலில்லை. ம. நவீனின் ‘சிகண்டி’ (2021) கோலாலம்பூர்ச் சௌகிட்டின் நிழல் உலகைக் களமாகக் கொண்டுள்ளது. மலாக்காத் தோட்டங்களோ தமக்குரிய குற்றப் புதினத்துக்காகக் காத்திருக்கின்றன எனலாம்.

குற்றப் புதினம் என்றாலே பொழுதுபோக்கென ஒதுக்கும் மனப்பாங்கு நம்மிடையே உண்டு. அதனைக் களைந்து, அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் எஞ்சியுள்ள முதியோரின் நினைவுகளை மாணவரைக் கொண்டு ஒலிப்பதிவு செய்வித்தல் ஆசிரியர்க்கு இயலும் பணியாகும். நாளைய புதின ஆசிரியனுக்கு அப்பதிவுகளே சான்றாகும். அம்முதியோர் மறையுமுன் இப்பணி நிறைவேற வேண்டும்.