பட்டா இல்லாத தரையில் வீடு எழும்பாது

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி வாழும் இருளர் குடிசைகளில் ஆதார், குடும்ப அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கூரைக் கழியில் தொங்கும். தண்ணீர் ஏறினால் முதலில் கைக்கு வரவேண்டியது அதுதான். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த கரை இது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் இருளரும் உண்டு. அவர்களுக்கான பி.எம். ஜன்மன் திட்டம் 2023 நவம்பரில் தொடங்கியது. வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய், அதற்கு மேல் மாநில அரசும் தருகிறது. மாநில அரசின் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 3.5 லட்சம். ஆனால் எந்த மனுவைக் கொடுத்தாலும் முதல் கேள்வி, "பட்டா இருக்கா?"

எங்கிருந்து வரும்? உப்பள நிலங்களில் மத்திய அரசின் உப்புத் துறைக்குச் சொந்தமானவையும் உண்டு. பக்கத்துக் கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் பட்டா கிடைப்பதில்லை. அதனால் 'இருக்கும் இடத்துக்குப் பட்டா' என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். 'மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா' என்றும் எழுதுங்கள். ஊராட்சிப் பகுதியில் 3 சென்ட் வரை கொடுக்கலாம்.

அடுத்த முடிச்சு சாதிச் சான்று. பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோதான் தரவேண்டும். மரக்காணத்தாருக்கு அது திண்டிவனம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. பள்ளிப் படியே மிதிக்காத பெற்றோரிடம் பள்ளிச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உறவினர் யாருக்காவது சான்று இருந்தால் அதன் நகலையும் சேருங்கள்.

மரக்காணம் பேரூராட்சி, சுற்றியுள்ளவை ஊராட்சிகள். உங்கள் தெரு எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். ஊரகத் திட்டத்துக்குப் பேரூராட்சிக்காரர் கொடுத்த மனு வீண்.

வீட்டுக்கான ஆணை வந்த பிறகும் கவனம் வேண்டும். பணம் தவணையாக, கட்டிய அளவைப் படம் எடுத்த பிறகே வரும். கையில் முதல் இல்லாதவர் மேஸ்திரியிடமோ இடைத்தரகரிடமோ பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுத்துவிட்டால், தவணை யார் கைக்குப் போனது என்றே தெரியாது. வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

திங்கள்கிழமை குறைதீர் நாளில் விழுப்புரம் ஆட்சியரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் யாராயினும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.