செருப்பும் கொக்கிப்புழுவும்

“கோலாப்பூர் எந்தக் கைத்தொழிலுக்குப் பெயர் பெற்றது?” – தோல் செருப்பு. “கொக்கிப்புழு மனித உடலுக்குள் எவ்வழியாக நுழைகிறது?” – பாதம். பொது அறிவு நூல்களில் முதல் வினாவைக் கைத்தொழில் பகுதியிலும், இரண்டாவதை நோய்கள் பகுதியிலும் காண்கிறோம். இவ்விரு விடைகளுக்கும் இடையே நெருங்கிய உறவு உண்டு. அதனை விளக்குவதே என் நோக்கம்.

கொக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. சிறுகுடலின் உட்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு புழுவால் பெருங்கேடு இல்லை. நூற்றுக்கணக்கில் பெருகினால் இரத்தசோகை உண்டாகும். உழைப்பவர் சோர்வார்; பிள்ளைகளின் வளர்ச்சி குன்றும்; கருவுற்ற தாய்மார்க்கு ஆபத்து மிகும்.

இத்தாலிய மருத்துவர் டுபினி 1838-ல் மிலான் நகரில் இப்புழுவைக் கண்டறிந்தார். 1880-ல் ஆல்ப்ஸ் மலையில் செயின்ட் கோத்தார்டு சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளரிடையே பரவிய இரத்தசோகைக்கும் இதுவே காரணம் எனத் தெரிந்தது. ஆயினும், புழு வாய் வழியாகவே உட்செல்கிறது என்று மருத்துவர்கள் எண்ணினர்.

உண்மையை வெளிப்படுத்தியது ஒரு துளி நீர்! கெய்ரோவில் ஆராய்ச்சி செய்துவந்த ஜெர்மானிய அறிஞர் லூஸ், புழுவின் இளம் உயிரிகள் கலந்த நீரை விலங்குகளுக்குப் புகட்டுகையில் ஒரு துளி அவர் கையில் சிந்தியது. அவ்விடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களுக்குப் பின் அவரது மலத்திலேயே கொக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. தோலைத் துளைத்தே புழு நுழைகிறது என்ற தம் முடிவை அவர் 1898-ல் வெளியிட்டார்.

திறந்தவெளியில் கழிக்கப்படும் மலத்திலுள்ள முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. இளம் உயிரிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றன. என்னே அதன் நெடும்பயணம்! அதன் முதல் வாயிலை அடைத்து நிற்பது செருப்பு. 1909-ல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்ஃபெல்லர் குழு தொடங்கிய ஒழிப்புப் பணியில் மருந்தோடு கழிப்பிடமும் காலணியும் வலியுறுத்தப்பட்டன.

நம் நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சேற்றில் இறங்கி உழைத்தோர் பலர் செருப்பின்றி நடந்தனர். வறுமை மட்டுமா காரணம்? சில தெருக்களில் ஒரு சாரார் செருப்பணிந்து நடக்கவே கூடாதெனச் சாதிக் கொடுமை தடுத்தது. தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவரையும் இதே சமுதாயம் இழிவாக நடத்தியது. நோயைத் தடுக்கும் பொருளைச் செய்தவருக்கும் மதிப்பில்லை. அது மிகவும் தேவைப்பட்டவருக்கும் உரிமையில்லை! கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. அதைத் தைக்கும் கைகளுக்கும் உரிய மதிப்புக் கிடைக்க வேண்டும்.

செருப்பு மட்டும் போதுமா? போதாது. மண்ணில் வேலை செய்யும் கை வழியாகவும் புழு நுழையும். எனவே கழிப்பறையும் இன்றியமையாதது. 2015 முதல் நடத்தப்படும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. எனினும் மண் தூய்மையாகாவிடில் புழு மீண்டும் நுழையும்.

நண்பர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வயலுக்குச் செல்லும் பெற்றோரிடமும் தெருவில் விளையாடும் தம்பி தங்கையரிடமும் இதனை எடுத்துச் சொல்லுங்கள். கற்ற அறிவு பிறர் நோயைத் தடுக்குமானால், அதைவிடச் சிறந்த பயன் வேறென்ன?