சரிபார்ப்பு முத்திரை சொல்வதும் சொல்லாததும்

வேலை தேடுவோரும் வேலை தருவோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் களமாகத் தொழில்முறை வலைத்தளங்கள் நம் நாட்டில் வேரூன்றிவிட்டன. இவற்றுள் முதன்மையான லிங்க்ட்இன் 2003ஆம் ஆண்டு மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 நவம்பரில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைக் கடந்ததாக அறிவிக்கப்பட்டது. உறுப்பினர் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது இந்தியா.

இத்தளத்தின் தோற்றமும் வசதிகளும் அடிக்கடி மாறுகின்றன. அம்மாற்றங்களைப் பற்றி ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களிடம் பேசுவானேன் என்ற கேள்வி எழலாம். வேலைவாய்ப்பின் பெயரால் நடக்கும் மோசடி எந்தத் தளத்தில் தொடங்கினாலும், அது முடிவது ஒரு வங்கிக் கணக்கில்தான். எனவே, புதிய வசதிகளுள் எது எதற்குச் சான்று, எது எதற்குச் சான்றாகாது என்பதை நாம் தெளிவாக அறிந்திருப்பது நலம்.

அறிமுகத்திலிருந்து ஆவணத்துக்கு

ஒரு காலத்தில் வங்கிக் கணக்குத் தொடங்க வருபவருக்காக, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையொப்பம் இட வேண்டியிருந்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரரோ உடன் பணிபுரியும் ஆசிரியரோ அதை இட்டுத் தருவார். ‘இவரை எனக்குத் தெரியும்’ என்ற அச்சொல்லே அன்றைய பாதுகாப்பு. 2002ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி, வாடிக்கையாளரை அறிந்துகொள்வதற்கான கேஒய்சி நெறிமுறைகளை வெளியிட்டது. காலப்போக்கில் அறிமுகக் கையொப்பத்தின் இடத்தை அடையாள ஆவணம் எடுத்துக்கொண்டது.

தொழில்முறை வலைத்தளமும் ஏறத்தாழ இதே பாதையில் நடந்து வந்திருக்கிறது. தொடக்க காலத்தில் அங்கு அறிமுகமே அச்சாணி. முன்பின் அறியாத ஒருவரை அணுக, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் இடைநின்று அறிமுகம் செய்துவைப்பதே வழக்கம். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைத் தொடர்பு என்று இன்றும் பெயருக்கு அருகில் காணப்படும் எண்கள் அந்த ஏற்பாட்டின் எச்சமே. 2017இல் கணினித் திரை வடிவம் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டபோது, அன்றாடப் பதிவுகளும் செய்திப் பரிமாற்றமும் முன்னிடம் பெற்றன. 2020 செப்டம்பரில் மீண்டும் ஒரு மாற்றம் வந்தது. அப்போது சேர்க்கப்பட்ட, ஒரு நாளில் மறையும் ‘ஸ்டோரீஸ்’ வசதி ஓராண்டிலேயே கைவிடப்பட்டது.

வசதிகள் வந்து போனாலும் ஒரு விளைவு நிலைத்துவிட்டது. தெரிந்தவர்களின் முகவரிப் புத்தகமாக இருந்த தளம், யாரும் யாரையும் அணுகக்கூடிய பொதுச் சந்தையாகிவிட்டது. இடைநின்று பொறுப்பேற்பவர் மறைந்த இடத்தை நிரப்பவே சரிபார்ப்பு முத்திரை வந்திருக்கிறது.

முத்திரை எதற்குச் சான்று?

2023ஆம் ஆண்டு முதல் இத்தளத்தில் உறுப்பினர்கள் தம் அடையாளத்தைக் கட்டணமின்றிச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் இது ஆதார் அடிப்படையில் டிஜிலாக்கர் வழியாக நடைபெறுகிறது. பணியிடச் சரிபார்ப்பு இதனினும் வேறு: அலுவலக மின்னஞ்சல் முகவரிக்கு வரும் குறியீட்டை உள்ளிட்டு, தாம் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று காட்டுவது. இரண்டில் எது நடந்திருந்தாலும் முத்திரை தோன்றக்கூடும். ஆகவே முத்திரையைக் கண்டதும் நின்றுவிடாமல், அதை அழுத்தி, சரிபார்க்கப்பட்டது பெயரா பணியிடமா என்று பார்க்க வேண்டும்.

பெயர் சரிபார்க்கப்பட்டவர், தாம் சொல்லும் நிறுவனத்தில்தான் பணிபுரிகிறார் என்பதற்கு அது சான்றாகாது. பணியிடம் சரிபார்க்கப்பட்டவர், ஆள் எடுக்கும் அதிகாரம் பெற்றவர் என்பதற்கும் அது சான்றாகாது. முத்திரை ஆளைக் காட்டும், எண்ணத்தைக் காட்டாது. வங்கியில் கேஒய்சி முடித்த கணக்கு என்பதனாலேயே அக்கணக்கின் ஒவ்வொரு பரிவர்த்தனையும் நேர்மையானது என்று நாம் கொள்வதில்லை அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

பெயருக்கு அருகில் தோன்றும் பொன்னிற அடையாளத்தையும் சிலர் நம்பகத்தன்மையின் குறியாகக் கருதுகின்றனர். அது கட்டணச் சந்தாதாரர் என்பதை மட்டுமே குறிக்கும்.

முத்திரை இல்லாதவரெல்லாம் ஐயத்துக்குரியவர் என்பதும் பொருளன்று. சரிபார்ப்பு விருப்பத்துக்கு உட்பட்டது. அதைச் செய்துகொள்ளாத நேர்மையான உறுப்பினர்கள் பலர் உள்ளனர்.

கண்ணில் படாத துணைக் கருவிகள்

2022 அக்டோபரில் அறிமுகமான ‘இந்தச் சுயவிவரம் பற்றி’ எனும் பகுதி, முத்திரையைப் போல் பலரும் அறிந்ததன்று. ஒருவரது பக்கத்திலுள்ள ‘மேலும்’ பொத்தானை அழுத்தினால் இது கிடைக்கும். அவர் எந்த மாதத்தில் உறுப்பினரானார், புகைப்படத்தையும் தொடர்பு விவரங்களையும் எப்போது மாற்றினார், எவை சரிபார்க்கப்பட்டவை என்பன அங்கே காணப்படும். இருபது ஆண்டு அனுபவம் கொண்ட மனிதவள மேலாளர் என்று சொல்லிக்கொள்பவரின் பக்கம் சென்ற மாதம்தான் தொடங்கப்பட்டது என்றால், அந்த ஒரு தகவலே நம்மை எச்சரிக்கப் போதுமானது. அழகிய புகைப்படத்தையும் பிழையற்ற வாசகங்களையும் இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் ஆக்கித் தந்துவிடும். தளம் தானே பதிவுசெய்யும் தேதியைப் புனைவது அத்துணை எளிதன்று.

உரையாடலை வேறு செயலிக்கு மாற்றுமாறு கேட்கும் செய்திகளுக்கு எச்சரிக்கை காட்டும் வசதியும் அதே காலத்தில் வந்தது. ‘வாட்ஸ்அப்பில் பேசலாம், டெலிகிராமுக்கு வாருங்கள்’ என்று முதல் செய்தியிலேயே அழைப்பவர், தளத்தின் கண்காணிப்பிலிருந்து நம்மை வெளியே இழுக்கிறார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாமே திருத்த வேண்டிய அமைப்புகள்

சில வசதிகள் நம் அனுமதியைக் கேட்பதில்லை. நாமாகச் சென்று நிறுத்தினால்தான் நிற்கும். பதிவுகளையும் சுயவிவரத்தையும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அமைப்பு 2024 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தபோது, இந்திய உறுப்பினர்களுக்கு அது ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தது. தரவுத் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று அதை நிறுத்தலாம். நிறுத்துவதற்கு முன் பயன்படுத்தப்பட்டதை அது மீட்டுத் தராது.

நம் மின்னஞ்சல் முகவரியை யார் காணலாம், நம் தொடர்புப் பட்டியலை யார் பார்க்கலாம் என்பவற்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நன்று. பிறந்த தேதி, வீட்டு முகவரி, ஆதார் எண், பான் எண் ஆகியவற்றுக்குச் சுயவிவரத்திலோ பதிவேற்றும் தன்விவரக் குறிப்பிலோ இடம் தரலாகாது.

‘வேலைக்குத் தயார்’ என்று அறிவிக்கும் வசதியில் இரு வழிகள் உண்டு. அனைவரும் காணும்படி புகைப்படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் இடலாம். ஆள்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். வளையம் இட்டவரை நல்ல நிறுவனங்கள் காண்பது போலவே மோசடியாளரும் காண்பர். இரண்டாம் வழியில், நம் தற்போதைய நிறுவனத்தின் ஆள்சேர்ப்பாளர்களுக்கு அது தெரியாதிருக்கத் தளம் முயல்கிறது. முழு உறுதி அளிப்பதில்லை. பணியில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுவோர் இதை அறிந்து முடிவு செய்ய வேண்டும்.

மோசடி நம் கணக்கை அடையும் வழிகள்

முதல் வழி கட்டணம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான முன்பணம் எனப் பெயர்கள் மாறும். வேலை தரும் நேர்மையான நிறுவனம் விண்ணப்பதாரரிடம் பணம் கேட்பதில்லை. மத்திய அரசு 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் வேலை தேடுவோருக்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாம் வழி இதனினும் கொடிது. ‘வீட்டிலிருந்தே வேலை, உங்கள் கணக்குக்கு வரும் தொகையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்பது அதன் வாசகம். வருவது வேறொருவரிடம் திருடிய பணம். பிறர் பணம் கடந்து செல்ல இரவல் தரப்படும் இத்தகைய கணக்கை வங்கித் துறையில் ‘மியூல்’ கணக்கு என்பர். காவல்துறை பணத்தின் தடம் பற்றி வரும்போது முதலில் முடக்கப்படுவது அந்தக் கணக்கு. முதலில் விசாரிக்கப்படுபவர் அதன் உரிமையாளர். வேலை கிடைத்தது என்று நம்பிய இளைஞர் குற்ற வழக்கில் பதில் சொல்ல வேண்டிய நிலை உண்டாகும். கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ சிம் அட்டையையோ எவ்வளவு ஊதியத்துக்கும் இரவல் தரலாகாது.

மூன்றாம் வழி வெளிநாட்டு வேலை. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனைப் பணி என்று தகவல் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர்களை அழைத்துச் சென்று, மியான்மரில் அடைத்துவைக்கும் கும்பல்கள் பற்றி வெளியுறவுத் துறை அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அம்முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே.

பணம் போய்விட்டால்

வெட்கத்தாலும் தயக்கத்தாலும் இழக்கும் நேரமே பெரிய இழப்பு. உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யவும். அதே வேளையில் உங்கள் வங்கிக் கிளைக்கோ வாடிக்கையாளர் சேவை மையத்துக்கோ தெரிவிக்கவும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் தகவல் வந்தால்தான் அதை நிறுத்திவைக்க இயலும். உரையாடலையும் அந்நபரின் பக்கத்தையும் அழிக்காமல் திரைப்படமாகப் பாதுகாத்து வையுங்கள்.

முன்னாளில் அறிமுகக் கையொப்பம் இட்டவர், இடுவதற்கு முன் வந்தவரை நான்கு கேள்விகள் கேட்டார். அந்தக் கேள்விகளை இன்று நமக்காகக் கேட்க எவரும் இல்லை. வந்த வேலை அழைப்பின் நிறுவனத்தை அதன் அதிகாரபூர்வத் தொலைபேசி எண்ணில் அழைத்து, ‘இப்பணியிடம் உண்மையா?’ என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகும். பணமோ ஆவணமோ அனுப்புமுன் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குவீர்.