காத்திருப்போர் ஊதியம்

தீயைப் பாடிய புலவர் பலர்; தீயை அவிப்பாரைப் பாடினவர் அரியர். சிலப்பதிகாரத்து அழற்படு காதையில் மதுரை எரிகின்றது. நகரைக் காத்து நின்ற பூதங்கள் நான்கும் அதனை விட்டு நீங்குகின்றன. மதுரைக்காஞ்சி நள்ளிரவில் ஊர்சுற்றும் காவலரைப் போற்றுகின்றது. ஆயினும் அவர் தேடித் திரிந்தது கள்வரையே. அம்மதுரையில் 2020 நவம்பர் 14, தீபாவளி இரவில், துணிக்கடைக் கட்டடம் ஒன்றிற் பற்றிய தீயை அணைக்கச் சென்ற வீரர் இருவர், கட்டடம் இடிந்து வீழ்ந்ததில் மாண்டனர். ஊரார் பலகாரம் உண்டு உறங்கிய இரவு அது.

இத்தகையோருக்கு எவ்வளவு ஊதியம் தருவது? இவ்வினா மிக வெளிப்படையாக வழக்காடப்பட்டது பிரித்தானியாவில் எனலாம். 1977இல் தீயணைப்போர் நூற்றுக்கு 30 வீதம் உயர்வு கேட்டனர். விலைவாசி ஏற்றத்தோடு போராடிய அரசு 10 வீதத்துக்கு மேல் இல்லை என்றது. நவம்பர் 14ஆந் திகதி நாடு முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அத்தொழிலில் நாடளாவிய வேலைநிறுத்தம் அதுவே முதலாவது. 1950களிற் செய்யப்பட்ட பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டு படையினர் தீயணைக்கப் போயினர். அவ்வண்டிகளுக்குப் ‘பச்சைத் தேவதை’ என்று பெயர். வண்டிக்குப் பெயரிடுவதில் ஆங்கிலேயர் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஒன்பது வாரத்தின் பின், 10 வீதத்தோடு வேறொன்றும் பெற்றே அவர்கள் வேலைக்கு மீண்டனர். உடலுழைப்புத் தொழில் செய்யும் ஆடவருள் மேற்கால்பங்கினர் பெறும் சம்பளத்தோடு தம் சம்பளத்தைப் பிணைக்கும் விதி அது.

2002இல் வழக்கு மீண்டும் மூண்டது. ஆண்டுக்கு 30,000 பவுண் கேட்டனர். 2003இல், மூன்றாண்டுகளிற் பகுதி பகுதியாக 16 வீதம் என்று முடிந்தது. அப்போது எதிர்த்தரப்பார் சொன்னவை இங்கும் நம் காதிற் படுவனவே: ‘இவர்கள் நிலையத்தில் உறங்குகிறார்கள், ஓய்வு நாளில் வேறு தொழில் பார்க்கிறார்கள், ஓரிடம் வெற்றிடமானாற் பலர் வரிசையில் நிற்கிறார்கள், பின் எதற்கு உயர்வு?’

இங்கே தமிழாசிரியனுக்கு ஒரு சொல் உண்டு. வள்ளுவர் ‘கூலி’யை உடல் வருத்தத்தோடு சேர்த்து வைத்தார், ‘ஊதியம்’ என்ற சொல்லையோ பேறு, பயன் என்னும் பொருளில் ஆண்டார். இன்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். உறங்குகிறான் என்று கணக்குப் பார்ப்பவர் கூலிக் கணக்குப் பார்க்கிறார். மணி ஒலித்ததும் எழுந்தோடும் ஆயத்தத்தையன்றோ ஊர் விலைக்கு வாங்குகின்றது? தீப்பற்றாத நாளுக்குச் சம்பளம் எதற்கு என்பவர், கள்வர் வராத இரவுக்குக் காவலனுக்குச் சம்பளம் தரமாட்டார் போலும்.

உடல் வருத்தமும் சிறிதன்று. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகவரகம் 2022இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் தருவனவற்றின் முதற்பிரிவில் வைத்தது. தீ அணைந்த பின்னும் புகை உடலை விட்டுப் போவதில்லை.

‘சபையிற் பணம் இல்லை’ என்பார் கூற்றை நாம் இகழ்வதற்கில்லை. வரியிறுப்போரும் ஏழைகளே. ஆனாற் பணம் இல்லை என்பது வேறு. தகுதி இல்லை என்பது வேறு. முன்னதைச் சொல்ல நாணிப் பின்னதைச் சொல்வதுதான் பொறுக்கற்பாலதன்று.

உரோமபுரியில் அகத்தசு மன்னன் கி.பி. 6இல் ஏழு பிரிவுகளாகத் தீக்காவற்படை அமைத்தான். அதிற் சேர்ந்தோர் பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள். அப்படைக்கான பணம் அடிமை விற்பனை மீது விதித்த வரியிலிருந்து வந்தது! எனினும் கி.பி. 24ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஆறாண்டு அப்படையிற் பணிசெய்தாருக்கு முழுக் குடியுரிமை கிடைக்க வழிசெய்தது. அது எத்துணைப் பெரிய சம்பளம் என்பதை மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோர் ஆக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டிலே தீயணைப்புப் படை பெரும்பாலும் மாநகர சபைகளின் பொறுப்பு. கண்டியிலும் அவ்வாறே. ஆகவே தீயணைப்போர் சம்பளம் நகரத்து வரியிறுப்போர் வழக்காகவே தோன்றும். ஆனால் தீ நகர எல்லையில் நிற்பதில்லை. பன்வில மலைச்சரிவில் லயன் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கின்றன. ஓர் அறையிற் பற்றினால் அடுத்த அறைக்குத் தீ கூரை வழியே போய்விடும்; பிள்ளைகளின் புத்தகப்பையும், பிறப்புச் சான்றிதழும், திருமணத்துக்கென்று சேர்த்த நகையும் அதனோடு போகும். கண்டியிலிருந்து வண்டி வருமாயின் வத்தேகம கடந்து, வளைவு வளைவாக மலையேறி வரவேண்டும். அதுவரையில் தோட்டத்து மக்களே வாளியோடு தீயணைப்போர். அவர்களுக்கு எந்தச் சபையின் சம்பள ஏட்டிலும் பெயரில்லை.